பேட்டரியை மாற்றும் முன்: பழைய கார்களின் சார்ஜிங் கோளாறுகள் – கேள்வி பதில்

கேள்வி (காரைக்குடி, 1999 மாருதி 800): ஐயா, சென்ற ஆண்டு புதிய பேட்டரி போட்டேன். எட்டு மாதத்தில் செல்ஃப் எடுக்கவில்லை. கடையில் "செல் போய்விட்டது" என்று சொல்லி வேறொன்றைக் கொடுத்தார்கள். இப்போது அதுவும் காலையில் திணறுகிறது. எனக்கு மட்டும் மட்டமான பேட்டரியாகவே வாய்க்கிறதா?

பதில்: இரண்டு பேட்டரிகள் அடுத்தடுத்து மட்டமாக அமைவது அரிது. அவற்றைச் சரியாக நிரப்பாத ஏதோ ஒன்று வண்டியிலேயே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கடைக்காரர் பேட்டரியைத்தான் சோதிக்கிறார், வண்டியைச் சோதிப்பதில்லை. எனவே மூன்றாவதை வாங்கும் முன் ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரை வாங்கி, டிசி 20 வோல்ட்டில் வைத்து, மூன்று அளவுகளை எடுத்து எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் அளவை, இரவு முழுவதும் நின்ற வண்டியில், சாவியைத் தொடும் முன், பேட்டரியின் இரு முனைகளுக்கும் இடையே எடுக்க வேண்டும். 12.6 வோல்ட்டோ சற்றுக் கூடுதலோ இருந்தால் முழு சார்ஜ், 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால், 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் காலியை நெருங்கிவிட்டது என்று பொருள். முழுமையாகச் சார்ஜ் போட்ட பிறகும் 10.5ஐ ஒட்டியே நின்றால், ஆறு செல்களில் ஒன்று ஷார்ட் ஆகியிருக்கும். அந்தப் பேட்டரிக்கு வைத்தியம் இல்லை. இரண்டாவது அளவை, இன்னொருவரைச் சாவி திருகச் சொல்லி, செல்ஃப் சுற்றிக்கொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும். நல்ல பேட்டரி 10 வோல்ட்டுக்கு மேல் தாக்குப்பிடிக்கும். 12.6 காட்டிய பேட்டரி அந்த நேரத்தில் 9.6க்குக் கீழே சரிந்தால், ஒன்று பேட்டரியில் வலுவில்லை, அல்லது செல்ஃப் மோட்டார் இறுகி, அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கிறது.

உங்களைப் பொறுத்தவரை மூன்றாவது அளவே முக்கியம் என்று நினைக்கிறேன். இன்ஜினை ஓடவிட்டு, ஆக்ஸிலரேட்டரைச் சற்று மிதித்துப் பிடித்தால், பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். அதன் பிறகு ஹெட்லைட், புளோயர், பின்கண்ணாடி டீஃபாகர் என இருப்பதையெல்லாம் போட்டுவிட்டுப் பாருங்கள். விளக்கு போடாதபோது 14 காட்டிய வண்டி, இப்போது 12.8க்கு இறங்கினால், பகலில் ஓட்டும்போது நிரம்பியதை இரவில் ஓட்டும்போது இழந்துவிடுகிறது. இந்த வயது வண்டியில் முதலில் ஃபேன் பெல்ட்டையும், அடுத்து, இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் கார்பனையும் (சுழலும் பாகத்தை உரசி மின்சாரம் கொடுக்கும் சிறு கட்டை) பார்க்கலாம். பெல்ட்டின் நீண்ட பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். அதன் உட்பக்கம் கண்ணாடிபோல் பளபளத்தால் அது வழுக்குகிறது. கார்பன் தேய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். ஆல்டர்னேட்டரையே மாற்றச் சொன்னால் சற்று யோசியுங்கள்.

இன்னொன்று: முற்றிலும் இறங்கிய பேட்டரியை, வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்து, ஓட்டியே நிரப்பிவிடலாம் என்று எண்ண வேண்டாம். 35 ஆம்பியர்-மணிப் பேட்டரியை வெளியே எடுத்து, 3.5 ஆம்பியர் அளவில் மெதுவாக, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சார்ஜ் போடுவதே முறை.

கேள்வி (திருநெல்வேலி, ஆம்னி வேன்): சார், இன்ஜினை இறக்கி வேலை பார்த்து ஏற்றிய பிறகு செல்ஃப் மிக மெதுவாகச் சுற்றுகிறது. ஹெட்லைட் பிரகாசமாக எரிகிறது. செல்ஃப் சுற்றும்போதும் பேட்டரியில் 11.5 வோல்ட் இருக்கிறது. செல்ஃப் மோட்டாரை மாற்ற வேண்டுமா?

பதில்: செல்ஃப் சுற்றும்போதும் பேட்டரி 11.5 காட்டுகிறது என்றால், மின்சாரம் போக வேண்டிய அளவுக்குப் போகவில்லை, வழியில் எங்கோ தடை இருக்கிறது. இன்ஜின் ரப்பர் மவுண்டுகளின் மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் பாடிக்கும் இடையே தனியாக ஓர் எர்த் பட்டை உண்டு. இன்ஜினை இறக்கி ஏற்றும்போது அதை மாட்ட மறப்பதும், துரு அல்லது பெயின்ட் மேலேயே போல்ட்டை முடுக்கிவிடுவதும் சாதாரணமாக நடப்பவை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும், மறு முனையை இன்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்பிலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக உள்ளது. 1 வோல்ட் அல்லது அதற்கு மேல் காட்டினால் கோளாறு அங்கேதான். இதே சோதனையைப் பாசிட்டிவ் கம்பத்துக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த கேபிள் போல்ட்டுக்கும் இடையே செய்தால், அந்தப் பக்கமும் தெளிவாகிவிடும். அங்கே அரை வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். எர்த் இல்லாத இன்ஜினில், செல்ஃப் இழுக்கும் மின்சாரம் கிளட்ச் கேபிள் அல்லது ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்ப முயல்வதால் அவை சூடாகும். இரண்டு மூன்று முறை செல்ஃப் அடித்த பின் அவற்றைத் தொட்டுப் பாருங்கள்.

கேள்வி (சென்னை, 2001 ஜென்): வாரநாட்களில் வண்டியை எடுப்பதில்லை. சனிக்கிழமை பார்த்தால் பேட்டரி செத்துக் கிடக்கிறது. ஓடும்போது 14.2 வோல்ட் வருகிறது. இதற்கு என்ன காரணம், சார்?

பதில்: சார்ஜிங் சரியாக இருந்து, நிற்கும்போது இறங்குவதால் எங்கோ கசிவு இருக்கிறது. எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளை மூடி, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கம்பத்துக்கும் கேபிளுக்கும் இடையே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணையுங்கள். மீட்டர் அப்படி இணைந்திருக்கும்போது செல்ஃப் அடித்துவிடக் கூடாது. உள்ளே உள்ள ஃபியூஸ் போய்விடும். 50 மில்லிஆம்பியர் வரை பொறுத்துக்கொள்ளலாம். அரை ஆம்பியர் காட்டினால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி வீணாகிறது. 35 ஆம்பியர்-மணிப் பேட்டரி மூன்றாம் நாளைத் தாண்டாது.

பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கியதும் அளவு விழுகிறதோ, அந்தச் சுற்றில்தான் கசிவு. பழைய வண்டிகளில் என் முதல் சந்தேகம் பின்னாளில் பொருத்திய ஸ்டீரியோவின் மீதுதான். அதன் மஞ்சள் வயர் நேராகப் பேட்டரிக்கும், சிவப்பு வயர் சாவிக்குப் பின்னால் வரும் இணைப்புக்கும் போக வேண்டும். சாவி இல்லாமலேயே பாட்டுக் கேட்கலாம் என்பதற்காக இரண்டையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றிவிடுகிறார்கள். எல்லா ஃபியூஸ்களையும் பிடுங்கிய பிறகும் அளவு குறையாவிட்டால், ஆல்டர்னேட்டரின் டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) கசிகிறதா என்று பார்க்க வேண்டும். நெகட்டிவைக் கழற்றி வைத்துக்கொண்டு, ஆல்டர்னேட்டரின் பின்னால் உள்ள தடித்த வயரைப் பிரித்து, முனையை டேப்பால் மூடி, மீண்டும் அளந்து பாருங்கள். அளவு விழுந்துவிட்டால் சந்தேகம் உறுதி. இரவு முழுவதும் நின்ற வண்டியில் ஆல்டர்னேட்டர் மட்டும் வெதுவெதுப்பாக இருப்பதும் இதற்கு அடையாளம்.

கேள்வி (கோயம்புத்தூர், எஸ்டீம்): இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றினால் வண்டி நிற்காமல் ஓட வேண்டும், அதுதான் ஆல்டர்னேட்டருக்கான சோதனை என்கிறார் எங்கள் மெக்கானிக். சரியா, ஐயா?

பதில்: ஆல்டர்னேட்டருக்கு முந்தைய டைனமோ காலத்தில் இருந்து வந்த பழக்கம் அது. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் செய்யவே கூடாது. பேட்டரி திடீரென விலகும்போது வோல்ட்டேஜ் ஒரு கணம் மிக உயர்ந்து, டையோடுகளையும், வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் எரித்துவிடக்கூடும். நன்றாக இருந்த ஆல்டர்னேட்டர் அந்தச் சோதனையாலேயே கெட்டுப்போகலாம்.

கேள்வி (கும்பகோணம், 1970களின் அம்பாசிடர், டைனமோ): ஐடிலிங்கில் சிவப்பு விளக்கு மங்கலாக எரிகிறது, வேகம் எடுத்தால் அணைகிறது.

பதில்: டைனமோ அப்படித்தான் இருக்கும். குறைந்த வேகத்தில் அதனால் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்க இயலாது. வோல்ட்டேஜ் போதுமான அளவு ஏறிய பிறகே கட்அவுட் (டைனமோவைப் பேட்டரியோடு இணைக்கும் சுவிட்ச்) மூடும். இரவில் ஊருக்குள்ளேயே ஓட்டுபவர் என்றால், வாரம் ஒரு முறை பேட்டரியை வெளியே எடுத்து சார்ஜ் போடுங்கள். வேறொரு வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் கொடுக்கும் முன், எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளவும். பழைய பிரிட்டிஷ் வடிவமைப்புகளில் பாசிட்டிவ் எர்த்தும் உண்டு.

கேள்வி (மதுரை, பிரீமியர் பத்மினி, ஆல்டர்னேட்டர்): சாவியைத் திருகும்போது சார்ஜ் விளக்கு எரிவதே இல்லை. எரியாமல் இருப்பது நல்லதுதானே?

பதில்: இல்லை, அம்மா. சாவி போட்டதும் எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணைவதே நல்ல அறிகுறி. பல ஆல்டர்னேட்டர்களில் ஃபீல்டுக்கு (உள்ளே காந்தப்புலம் உண்டாக்கும் சுருளுக்கு) வேண்டிய தொடக்க மின்சாரம் அந்தச் சிறு பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸ் ஆனால் சார்ஜிங்கும் தொடங்காமல் போகலாம். பல்பு நன்றாக இருந்தால், கார்பன் தேய்ந்து, அது உரச வேண்டிய சுழலும் வளையமான ஸ்லிப் ரிங்கைத் தொடாமல் நிற்கலாம்.

கேள்வி (சேலம், ஜிப்சி): வாரம் ஒரு முறை தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. அழுகிய முட்டை நாற்றம் வருகிறது. ஹெட்லைட் பல்புகளும் அடிக்கடி போகின்றன. ஆசிட் ஊற்றலாமா?

பதில்: ஆசிட் வேண்டாம். ஆவியாவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது. மேலும் ஊற்றினால் தகடுகள் அரிக்கும். குழாய்த் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ கூடாது, டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. ஆனால் நீங்கள் சொல்லும் மூன்று அறிகுறிகளும் அதிக சார்ஜைக் காட்டுகின்றன. ஓடும்போது 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. அது ஆல்டர்னேட்டருக்கு வெளியே தனிப் பெட்டியாக இருந்தால், மாற்றும் முன் அதன் எர்த் திருகைச் சுரண்டி முடுக்கிப் பாருங்கள். எர்த் தளர்ந்தால் வோல்ட்டேஜ் குறைவாக இருப்பதாக அது தவறாகக் கணித்து, மேலும் மேலும் ஏற்றும். நாற்றம் வரும்போது பானட்டைத் திறந்து வைத்து, இன்ஜினை நிறுத்தி, ஆறவிடுங்கள். அந்த நேரத்தில் முனைகளைக் கழற்றுவதோ பொறி வருமாறு தொடுவதோ ஆபத்து, ஏனெனில் பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் சூழ்ந்திருக்கும். பக்கச் சுவர் உப்பியிருந்தால் அந்தப் பேட்டரியை மீண்டும் சார்ஜ் போடாமல் கடையில் கொடுத்துவிடுங்கள்.