நாலு பக்கத்துக்குள் ஒரு கதை

கேள்வி: டீச்சர், மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். டேப்லெட்டில் கதை செய்யச் சொன்னால் பிள்ளைகள் பீரியட் முழுக்கப் பின்னணிக்குக் கலர் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். கதை மட்டும் வருவதில்லை. என்ன செய்யலாம்?

நானும் பட்டிருக்கிறேன். முதல் தடவை, பொம்மைகளை நகர்த்திக் கதை செய்யும் ஸ்கிராட்ச் ஜூனியர் என்ற செயலியைத் திறந்து கொடுத்துவிட்டு, பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டேன். ஒரு பையன் பதினோரு பூனைகளை வரிசையாக நிறுத்தியிருந்தான். "என்னப்பா கதை?" என்றேன். "பூனைங்க" என்றான். அவ்வளவுதான் கதை!

அந்தச் செயலியில் ஒரு கதைக்கு நாலு பக்கம்தான் உண்டு. 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளை நினைத்து 2014-இல் வந்தது, கட்டணம் இல்லை, பொம்மையை ஆட்டுவிக்கும் கட்டளைக் கட்டைகளிலெல்லாம் எழுத்துக்குப் பதில் படம்தான். நாலு பக்கம் போதாதே என்று முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த நாலுதான் எனக்குக் கை கொடுக்கிறது. ஒரு தாளை நாலாக மடிக்கச் சொல்லுங்கள். யார், எங்கே; என்ன ஆச்சு; என்ன செய்தார்கள்; கடைசியில் என்ன. குச்சி மனிதர்கள் போதும். வரைந்ததும் பக்கத்துப் பிள்ளையிடம் தாளைக் காட்டிக் கதை சொல்ல வேண்டும். டேப்லெட் அதுவரை அலமாரியில்தான்.

இந்தச் சொல்லும் வேலையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஒரு சிறுமி, செருப்பைத் தொலைத்த முயலின் கதை சொன்னாள். தேடியது, கிடைத்தது, முடிந்தது. கேட்டுக்கொண்டிருந்தவன், "ஒரு செருப்புதானே போச்சு, இன்னொண்ண என்ன பண்ணுச்சு?" என்றான். அவள் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள். அப்புறம் மூன்றாவது கட்டத்தை அழித்துவிட்டு, முயல் மிச்சச் செருப்பை எலிக்குப் படகாகக் கொடுப்பது போல வரைந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எவ்வளவு சொல்லிக் கொடுத்திருந்தாலும் அந்தப் படகு வந்திருக்காது.

கேள்வி: குரல் பதிவு செய்தால் வகுப்பின் சத்தம் முழுவதும் சேர்ந்து விழுகிறதே?

புத்தக அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மூலை பிடியுங்கள். மேசையில் கனமான துணி விரியுங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். பக்கம் பக்கமாகப் பதிந்தால், தடுமாறினாலும் அந்த ஒரு பக்கத்தோடு போகும். எழுதி வைத்துப் படிக்க விடாதீர்கள், குரல் பாடம் ஒப்பிக்கிற குரலாகிவிடும். படத்தைப் பார்த்துப் பேசட்டும். "அவன்... இல்ல இல்ல, அவன் தம்பி" என்று ஒரு பிள்ளை திருத்திக்கொண்டதை அழிக்கப் போனேன், நல்லவேளை, அழிக்கவில்லை. வகுப்பே சிரித்துக் கேட்ட இடம் அதுதான்.

கேள்வி: நான்காவது படிக்கும் மகன் களிமண் பொம்மையை நகர்த்தி நகர்த்திப் படம் எடுக்க ஆசைப்படுகிறான். எத்தனை போட்டோ வேண்டியிருக்கும்?

சினிமாவில் நொடிக்கு 24 படம். அவனுக்கு 5 போதும். பத்து நொடிக் கதைக்கு 50 போட்டோ. கொஞ்சம் வெட்டி வெட்டித்தான் நகரும், பரவாயில்லை. கேமரா அசையவே கூடாது: இரண்டு கனமான புத்தகங்களுக்கு நடுவில் நிறுத்தி ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள். ஜன்னல் திரையையும் மூடிவிட்டு விளக்கு வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லுங்கள். வெளியே மேகம் வந்து போனால் படம் மினுக் மினுக் என்று கண்ணைக் குத்தும்.

கேள்வி: இதற்கு மதிப்பெண் எப்படிப் போடுவது?

பொம்மை எவ்வளவு அழகாக ஆடுகிறது என்பதற்குப் போடாதீர்கள். மடித்த தாளையும், பக்கத்துப் பிள்ளையின் கேள்விக்குப் பிறகு கதை எங்கே மாறியது என்பதையும் பாருங்கள்.

கேள்வி: எங்கள் வகுப்புக்கு ஒரே ஒரு டேப்லெட். நடக்குமா?

தாராளமாக. நாலு பேருக்கு ஒரு கதை, ஆளுக்கு ஒரு பக்கம். ஸ்கிராட்ச் ஜூனியரில் முதல் பக்கத்துப் பொம்மையை விரலால் இழுத்து அடுத்த பக்கத்தின் சின்னப் படத்தின் மேல் விட்டால் அங்கேயும் வந்துவிடும், திரும்ப வரைய வேண்டாம். இது தெரியாத காலத்தில் ஒரு குழு நாய்க்கதை செய்தது. முதல் பக்கத்தில் நாய்க்கு வால் இருந்தது, மூன்றாவதில் காணோம். வால் எங்கே என்று கேட்டேன். வரைந்தவள் சட்டென்று சொன்னாள்: "உக்காந்திருக்கு டீச்சர், அடியில இருக்கு."