சின்னக் கத்தி: கேட்டவர்களுக்குப் பதில்கள்

மடக்குக் கத்தி இருக்கும்போது மடங்காத கத்தியை எதற்குத் தினமும் சுமக்க வேண்டும்?

மடக்குக் கத்தி போதும் என்று தோன்றினால் போதும்தான். ஆனால் அதில் ஒரு மூட்டு இருக்கிறது. பழம் நறுக்கினால் சாறு அதற்குள் இறங்கிப் பிசுபிசுக்கும். மணல் புகுந்தால் நரநரக்கும். மடங்காததைக் குழாயடியில் காட்டித் துடைத்தால் வேலை முடிந்தது. அழுத்தும்போது விரல்மேல் மடங்கிவிடுமோ என்ற பயமும் இல்லை.

எவ்வளவு நீளம், எவ்வளவு தடிமன்?

வெட்டும் பகுதி 6 முதல் 7.5 செ.மீ. போதும். அதைவிட நீளமானால் ஒரு வாரம் இடுப்பில் இருக்கும், அப்புறம் மேசை டிராயரில்தான் இருக்கும்.

தடிமனில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். நான் முதலில் செய்த கத்திக்கு முதுகு 5 மி.மீ. பார்க்கக் கம்பீரம். கேரட்டை வெட்டச் சொன்னால் வெட்டாது, ஆப்பு அடித்ததுபோல் பிளக்கும். இப்போது முதுகு இரண்டரை மி.மீ.க்கு மேல் வைப்பதில்லை. முதுகைவிட முக்கியம், கூருக்குச் சற்று மேலே எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பது. அங்கே 0.3, 0.4 மி.மீ. இருந்தால் அட்டைப்பெட்டியில் வழுக்கிக்கொண்டு போகும். வாங்கப் போகிறவர்கள் எஃகின் பெயரைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

நானே செய்து பார்க்கப் போகிறேன். எஃகில் 1095 வகை எடுக்கவா, டி2 வகை எடுக்கவா?

இரண்டும் வேண்டாம், 1084 எடுங்கள். கரிமம் சுமார் 0.84 சதவீதம், சின்ன உலையிலேயே பணிந்து வரும். சூடேற்றிக்கொண்டே காந்தத்தை வைத்துப் பாருங்கள். சுமார் 770 டிகிரியில் ஒட்டாமல் போகும். இன்னும் கொஞ்சம் ஏற்றி, 815 வாக்கில் சூடாக்கிய எண்ணெயில் தோயுங்கள். 1095 இதைவிட வேகமாகக் குளிர வேண்டும், எண்ணெய் சரியில்லாவிட்டால் காலை வாரும். டி2-வுக்கு 1000 டிகிரிக்கு மேல் ஏற்றி, அங்கேயே நிறுத்தி வைக்க வேண்டும். வெப்பத்தை அளந்து காட்டும் மின் உலை இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

தோய்த்த கையோடு 200 டிகிரிச் சூட்டில் இரண்டு மணி நேரம் வையுங்கள், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் வைக்கோல் நிறம் வரும். ஒருமுறை 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று தோய்த்ததோடு படுத்துவிட்டேன். மறுநாள் கைதவறித் தரையில் விழுந்தது; கண்ணாடி மாதிரி இரண்டு துண்டு.

பதம் சரியாக வந்ததா என்று கருவி இல்லாமல் எப்படித் தெரிந்துகொள்வது?

கத்தியைத் தீட்டிவிட்டு, ஒரு பித்தளைக் கம்பிமேல் கூரைச் சாய்த்து வைத்து அழுத்துங்கள், பின்னால் வெளிச்சம் இருக்கட்டும். கூர் மெல்ல வளைவது கண்ணுக்குத் தெரியும். கையை எடுத்ததும் நேராகிவிட்டால் நல்ல பதம். வளைந்தபடியே நின்றால் மென்மை அதிகம். பல் பல்லாக உதிர்ந்தால் கடினம் அதிகம், மறுபடி 10, 15 டிகிரி கூட்டிச் சூட்டில் வையுங்கள். கூர் மிகவும் தடித்திருந்தால் இந்தச் சோதனை எதையும் காட்டாது.

உறை தோலா, கைடெக்ஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக்கா?

எனக்குத் தோல் பிடிக்கும். உட்கார்ந்தால் இடுப்பில் குத்தாது, சத்தமும் இல்லை. மழையிலும் வியர்வையிலும் திரிபவர்களுக்குக் கைடெக்ஸ். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் மாதக்கணக்கில் தோல் உறைக்குள் போட்டு வைக்காதீர்கள். கைடெக்ஸில் மணல் புகுந்தால் கத்தியில் கீறல் விழும், அவ்வளவுதான்.

எலுமிச்சை வெட்டினேன், கத்தி கறுத்துவிட்டது. துருவா?

இல்லை. கறுப்பும் சாம்பல் நீலமும் கார்பன் எஃகில் இயல்பு, விட்டுவிடுங்கள். சிவப்பாக வந்தால்தான் துரு. எண்ணெய் போட்டுத் தேய்த்து எடுங்கள்.

சாணைக்கல்லில் அரைமணி நேரம் தேய்த்தும் கூர் நிற்கவில்லை, ஏன்?

பிசிரை எடுத்திருக்க மாட்டீர்கள். ஒரு பக்கம் தேய்த்ததும் மறுபக்கம் நுனிவரை மெல்லிய இழை திரண்டிருக்கும். முதுகிலிருந்து கூரை நோக்கி விரலை இழுத்தால் தட்டுப்படும். அதுதான் காகிதத்தைக் கிழித்துக் காட்டி ஏமாற்றுகிறது, நாலு வெட்டில் மடங்கிவிடும். பக்கத்துக்குப் பக்கம் மாற்றி அழுத்தமே இல்லாமல் சில இழுப்பு, பிறகு தோல்பட்டையில் பத்துத் தரம். கூரை முன்னால் விட்டு இழுக்காதீர்கள், பட்டை அறுந்துபோகும்.

சட்டப்படி வைத்துக்கொள்ளலாமா?

இருக்கும் நாட்டைப் பொறுத்தது. பிரிட்டனில் பூட்டு விழாத, 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்திக்குத்தான் விலக்கு. மடங்காத கத்தி எவ்வளவு சின்னதானாலும் பொது இடத்தில் வைத்திருக்கத் தகுந்த காரணம் வேண்டும். உங்கள் ஊர் விதியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

தற்காப்புக்கு உதவுமா?

நான் பெட்டி பிரிக்கச் செய்கிறேன்.

நான் இடதுகைக்காரன். தனியாகச் சொல்லிச் செய்ய வேண்டுமா?

கத்தியை அல்ல, உறையை. கொக்கி எந்தப் பக்கம் என்பது தைப்பதற்கு முன்பே தெரிய வேண்டும். ஒரே பக்கம் மட்டும் சாய்வாகத் தேய்த்த கத்தியானால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அது கைக்குக் கை மாறும்.