ஆய்வாளர்களின் தனிமையும் ஓர் ஏரியும்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். கொங்குப் பகுதியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில், சுற்றுச்சூழல் அறிவியல் துறையில், முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். முழுநேரமும் பகுதிநேரமுமாக எங்கள் துறையில் முப்பது பேருக்குக் குறையாமல் ஆய்வு செய்கிறோம். ஒருவர் சாயக்கழிவை நுண்ணுயிர்களைக் கொண்டு சிதைக்கிறார். ஒருவர் செயற்கைக்கோள் படங்களில் நிலப்பயன்பாட்டு மாற்றத்தைப் பார்க்கிறார். நான் ஏரிகளின் நீர்ப்பறவைகளைப் படிக்கிறேன். ஆனால் பக்கத்து ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. சென்ற ஆண்டு ஒரு தோழி ஆய்வைப் பாதியில் விட்டு ஊருக்குப் போய்விட்டாள். ஒரு மாதம் கழித்து, அலுவலகப் பட்டியலில் அவள் பெயர் இல்லாததைப் பார்த்தபோதுதான் எனக்கு அது தெரியவந்தது.

மூத்த மாணவர்கள் முன்பு ஓர் ஆய்வாளர் மன்றம் தொடங்கினார்கள். குத்துவிளக்கு ஏற்றி விழா நடந்தது. தலைவர், செயலர், பொருளாளர் எல்லாரும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். மூன்று கூட்டங்களுக்குப் பிறகு அது நின்றுவிட்டது. அதை மறுபடி தொடங்கலாமா என்று நெறியாளரிடம் கேட்டபோது, “ஆராய்ச்சி பண்ண வந்தீங்களா, நட்பு வளர்க்க வந்தீங்களா?” என்றார். இது உண்மையிலேயே தேவையான ஒன்றா, அல்லது என் தனிமையைத்தான் பொதுப் பிரச்சினையாக்கிக் கொள்கிறேனா? தேவையென்றால் எங்கிருந்து தொடங்குவது?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மன்றம் நின்றுபோனதில் எனக்கு வியப்பில்லை. அதற்குத் தலைவர் இருந்தார், செயலர் இருந்தார், செய்வதற்கு வேலைதான் இருக்கவில்லை. கூடுவதற்காகவே கூடுகிறவர்களுக்கு மூன்றாவது கூட்டத்தில் பேச ஒன்றும் மிஞ்சுவதில்லை. பலருடைய கை தேவைப்படுகிற, குறித்த காலத்தில் திரும்பத் திரும்ப வருகிற, ஒருவர் பட்டம் பெற்றுப் போன பிறகு அடுத்தவர் ஏற்று நடத்தியே ஆகவேண்டிய ஒரு வேலையைச் சுற்றித்தான் ஆய்வு மாணவர்களிடையே தோழமை உருவாகிறது என்பது என் கருத்து. ஆகவே நின்றுபோன மன்றத்தை எழுப்ப வேண்டாம் என்பதே என் முதல் ஆலோசனை.

உங்கள் தனிமையை நீங்கள் கற்பனை செய்துகொள்ளவில்லை. 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பட்டமேற்படிப்பு மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வில், 41 விழுக்காட்டினரிடம் மிதமானது முதல் கடுமையானது வரையிலான பதற்றம் காணப்பட்டது. பொதுமக்களைவிட ஆறு மடங்குக்கும் மேல் என்று அந்த ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள நான் தயங்குவேன். தாமாக முன்வந்து பதிலளித்தவர்களின் கணக்கு அது. வருந்துகிறவர்கள் கூடுதலாகப் பதிலளித்திருக்கலாம். பாதியைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அது ஒரு துறையின் தனிப்பட்ட குறையல்ல என்பது தெளிவு.

சுற்றுச்சூழல் துறைகளில் இந்தத் தனிமை மேலும் கூர்மையாவதற்கு அவற்றின் அமைப்பே காரணம். நம் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் வேதியியலிலிருந்து ஒருவர், விலங்கியலிலிருந்து ஒருவர், நுண்ணுயிரியலிலிருந்து ஒருவர், புவியியலிலிருந்து ஒருவர் என்று சேர்த்துத்தான் இந்தத் துறை உருவாக்கப்பட்டது. ஆசிரியர்கள் தம் தாய்த்துறையின் கருவிகளையும் இதழ்களையும் தம்மோடு கொண்டுவந்தார்கள். மாணவர்கள் அவற்றை மரபுரிமையாகப் பெற்றார்கள். இதில் உறவு மேலிருந்து கீழாகவே ஓடுகிறது. ஒரு மாணவரின் கருவி, நிதி, தலைப்பு, கையெழுத்து எல்லாமே ஒரே நெறியாளரிடம் இருக்கும்போது, பக்கத்து அறை மாணவரைத் தேடிப்போக நடைமுறைக் காரணம் ஏதும் இருப்பதில்லை. ஆய்வகத்தில் இருப்பவரின் நாளும் களத்துக்குப் போகிறவரின் நாளும் ஒத்துப்போவதும் இல்லை. நீங்கள் விடியலில் ஏரிக்கரையில் நிற்கும்போது அவர் தூங்குகிறார். அவர் இரவு பத்து மணிக்குக் கருவியின் முன் காத்திருக்கும்போது நீங்கள் தூங்கிவிட்டிருப்பீர்கள். நட்பாகப் பழகுங்கள் என்று சொல்வதால் இது மாறாது.

சென்னையில் 1988இல் மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பை இங்கே நினைத்துக்கொள்கிறேன். எழுபதுகளிலேயே சென்னைப் பாம்புப் பண்ணையைச் சார்ந்த இயற்கை ஆர்வலர்கள் அந்தக் கடற்கரையில் ஆமைகளைத் தேடி இரவுகளில் நடந்திருக்கிறார்கள். பின்னர் மாணவர்கள் அந்த நடையைத் தமதாக்கிக்கொண்டார்கள். பங்குனி ஆமை என்று நம் கடற்கரையில் அறியப்படும் ஆலிவ் ரிட்லி, ஆண்டின் முதல் மாதங்களில் இரவில் கரையேறி முட்டையிடுகிறது. நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே மணலில் நடந்து, அதன் தடத்தைக் கண்டு, கூட்டைத் தோண்டி, முட்டைகளைப் பாதுகாப்பான பொரிப்பகத்துக்கு மாற்ற வேண்டும். ஏறத்தாழ ஒன்றரை மாதம் கழித்துக் குஞ்சுகள் வெளிவரும்போது, தெருவிளக்குகளின் பக்கம் திரும்பிவிடாமல் அவற்றைக் கடலில் சேர்க்க வேண்டும்.

இந்த வேலையின் அமைப்பைக் கவனியுங்கள். தனியாக ஒருவர் செய்யக்கூடியதன்று. ஜனவரியில் கூட்டைக் கண்டெடுத்தவருக்கு மார்ச்சில் மறுபடி வரக் காரணம் இருக்கிறது. தேர்வு நெருங்குகிறது என்று ஆமை தள்ளிப்போடாது. யார் எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்பதற்கு அங்கே மதிப்பில்லை. இருட்டில் தடத்தைக் கண்டுபிடிக்கத் தெரியுமா என்பதே கேள்வி, அதைத் தெரிந்தவரோடு நடந்துதான் கற்க முடியும். அந்தக் கரையில் நடந்த மாணவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர் பின்னாளில் இந்திய அறிவியல் கழகத்தில் சூழலியல் பேராசிரியரானார். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, தொடங்கியவர்கள் வெவ்வேறு ஊர்களுக்கும் வேலைகளுக்கும் போன பிறகும் நடை நிற்கவில்லை என்பது. அவர்கள் பெரும்பாலும் ஆய்வு மாணவர்கள் அல்லர் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் ஆய்வேட்டின் நெருக்கடியில் இருப்பவர்களுக்கு இத்தகைய வேலை இன்னும் கூடுதலாகவே தேவை என்று நினைக்கிறேன்.

ஆய்வுக்கு நெருக்கமான சான்று முதுமலையில் இருக்கிறது. இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையம் 1988இல் அங்கே ஐம்பது ஹெக்டேர் காட்டை அளந்து, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் உள்ள ஒவ்வொரு மரத்துக்கும் எண் கட்டியது. எது செத்தது, எது புதிதாக முளைத்து வந்தது, எது எவ்வளவு பருத்தது என்று அன்றிலிருந்து திரும்பத் திரும்பப் பதிவு செய்கிறார்கள். வறட்சி, காட்டுத்தீ, யானை ஆகிய மூன்றும் ஒரு காட்டை எப்படி மாற்றுகின்றன என்று பேச முடிவது அந்தத் தொடர்ச்சியால்தான். மூன்றாண்டு, ஐந்தாண்டு ஆய்வு மாணவர் ஒருவரால் அதைத் தனியே தொடங்கவும் முடியாது, முடிக்கவும் முடியாது. முன்னே சென்றவர் விட்ட பதிவேட்டை வாங்கி, பின்னே வருபவருக்குக் கொடுக்கிறார். மரத்தைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டும் உள்ளூர்க் களப் பணியாளர்கள் இல்லாமல் இத்தகைய எந்த ஆய்வும் நடந்திராது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆய்வாளர் சமூகம் என்று பேசும்போது நாம் முதலில் மறப்பது அவர்களைத்தான்.

இதோடு உங்கள் பக்கத்து நிலவரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆய்வேடுகள் சேமிக்கப்பட்டிருக்கும் சோத்கங்கா தளத்தில் நொய்யல் என்று தேடினால், அந்த ஆற்றின் நீரையும் மண்ணையும் சாயக்கழிவையும் பற்றிய ஆய்வேடுகள் கிடைக்கும். நான் படித்தவை பெரும்பாலும் தாமே முதல்முறை அந்த ஆற்றைப் பார்ப்பவை போலத் தொடங்குகின்றன. வேறு இடங்களில், வேறு மாதங்களில், வேறு முறைகளில் அளக்கின்றன. நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவால் மாசடைந்த கதையும், 2011இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதும் நாடறிந்தவை. அதற்கு முன்னும் பின்னும் அதே இடத்தில், அதே முறையில் எடுத்த அளவுகளின் தொடர் ஒரு துறையிடம் இருந்தால் அதற்கு எவ்வளவு மதிப்பு இருக்கும்! ஆய்வு மாணவர்கள் ஒருவரோடொருவர் பேசாமல் இருப்பதன் இழப்பு மனத்தில் மட்டும் நிகழ்வதில்லை. உங்கள் நெறியாளருக்கு இதையே பதிலாகச் சொல்லுங்கள். அவர் கேட்டது ஆராய்ச்சியைப் பற்றித்தானே.

நான் சொல்ல வருவது இதுதான். பேருந்தில் போய்வரக்கூடிய தொலைவில் உள்ள ஓர் ஏரியைத் தேர்ந்தெடுங்கள். மாதம் ஒரு நாள், அதே நாள், அதே நேரம் அங்கே போங்கள். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததை அளக்கட்டும். ஆனால் ஒவ்வொருவரும் தமக்குத் தெரியாத ஒன்றில் அடுத்தவருக்கு உதவியாளராக இருக்கட்டும். கரைந்த ஆக்சிஜனுக்கான நீரைக் குமிழி புகாமல் புட்டியில் பிடித்து, அங்கேயே வேதிப்பொருள் சேர்த்து நிலைப்படுத்த வேண்டும். பறவை பார்க்கிற நீங்கள் அந்தப் புட்டியைப் பிடியுங்கள். வேதியியல் மாணவர் நாமக்கோழிக்கும் தாழைக்கோழிக்கும் வேறுபாடு கற்கட்டும். பாசி மண்டிய ஏரியில் விடியலில் ஆக்சிஜன் மிகக் குறைந்தும் பிற்பகலில் மிக உயர்ந்தும் இருக்கும் என்பதால், நேரம் தவறினால் அந்த மாத அளவையே ஒப்பிட முடியாது. ஆகவே ஒருவருக்காக ஒருவர் நேரத்துக்கு வந்தாக வேண்டும். செயற்கைக்கோள் படம் பார்க்கிறவர் தாம் நீர் என்று வண்ணமிட்ட இடம் ஆகாயத்தாமரையாக இருப்பதை நேரில் காண்பார். மீன்குத்தகை எடுத்தவர் வந்து நீங்கள் யார் என்று கேட்பார். அவரிடம் பேசத் தெரிந்தவர் உங்களில் யார் என்பதும் அன்று தெரிந்துவிடும். எல்லா அளவும் ஒரே பதிவேட்டில் ஏறட்டும். அந்தப் பதிவேடு யாருடைய ஆய்வேட்டுக்கும் சொந்தமில்லை, கேட்பவர் எவரும் பயன்படுத்தலாம், கட்டுரையானால் அந்தக் காலத்தில் உழைத்தவர் அனைவரின் பெயரும் வரும் என்று முதல் நாளே எழுதி வைத்துவிடுங்கள். இந்த ஒன்றை எழுதாமல் விட்டால் பின்னால் பெயர்ச் சண்டை நிச்சயம்.

வாசிப்புக் கூட்டமும் நல்லதுதான். 1875இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் தொடங்கிய இதழ் வாசிப்புக் குழு, தனியொருவரால் சந்தா கட்டி வாங்க முடியாத இதழ்களைச் சேர்ந்து வாங்குவதற்காகத் தோன்றியது. அதாவது அங்கும் பொதுவான ஒரு தேவை முதலில் இருந்தது. 2025 முதல் ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் சுமார் 13,000 இதழ்கள் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குத் திறந்துவிட்டதால் அந்தத் தேவை உங்களுக்குக் குறைந்துவிட்டது. சுயநிதிக் கல்லூரிகளில் உள்ள ஆய்வாளர்களுக்கு அது இன்னும் எட்டவில்லை. அவர்களையும் அழைத்தால் உங்கள் வாசிப்புக்கு ஒரு பொருள் இருக்கும்.

இந்த வேலைகளில் ஆசிரியர்கள் இருக்க வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். மாதம் ஒருமுறை ஏரிக்கு வரட்டும், நடத்துவது நீங்களாக இருங்கள். 2009இல் தொடங்கிய இளம் சூழலியலாளர்களின் ‘யெட்டி’ மாநாட்டை மாணவர்களே ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி நடத்திவருகிறார்கள். நெறியாளர் முன்னால் இருக்கையில் “எனக்கு இந்தப் புள்ளியியல் புரியவில்லை” என்று மாணவர் சொல்வதில்லை.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அதே அறையில், எந்த உதவித்தொகையும் இல்லாமல், மாலையில் டியூஷன் எடுத்து ஆய்வு செய்பவரும் இருக்கிறார். தலைக்கு இருநூறு ரூபாய் என்று வசூலிக்கிற சங்கத்திலிருந்து அவர் காரணம் சொல்லாமல் விலகிவிடுவார். வசூல் வேண்டாம், பேருந்துக் கட்டணத்தை உதவித்தொகை வாங்குகிறவர்கள் சத்தமில்லாமல் பகிர்ந்துகொள்ளட்டும். அதுபோல, மாலை ஆறு மணிக் கூட்டம் என்பது பெண்கள் விடுதியில் இருப்பவர்களையும் வெளியூரிலிருந்து வந்துபோகிறவர்களையும் விலக்கும் கூட்டம். சனிக்கிழமைக் காலை என்றால் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேரமாக ஆய்வு செய்பவர்களும் வர முடியும்.

உங்கள் தோழி போனது ஒரு மாதம் யாருக்கும் தெரியவில்லை என்பதை மறுபடி மறுபடி நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஏரிக்கும் பதிவேட்டுக்கும் காத்திராமல் இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. களத்துக்குப் போகிற ஒவ்வொருவரும் எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வேறொரு நெறியாளரின் மாணவர் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போகட்டும். திரும்பாவிட்டால் தேடுவது அவர் பொறுப்பு. யானை நடமாடும் மலையடிவாரத்தில் வேலை செய்பவருக்கு இது உயிர்ப் பாதுகாப்பு. ஆய்வகத்திலேயே இருப்பவருக்கும் இத்தகைய ஒருவர் வேண்டும். மூன்று நாள் காணவில்லையென்றால் அறைக் கதவைத் தட்டுகிற ஒருவர். ஊருக்குப் போன உங்கள் தோழிக்கு நீங்கள் இப்போதும் தொலைபேசலாம். ஏன் விட்டாய் என்று கேட்காமல் பேசுங்கள்.

தொடக்கத்துக்கு ஏற்ற காலம் பிப்ரவரி. பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் கணக்கெடுப்பு உண்டு, ஆனால் உங்களில் பாதிப்பேர் அப்போது ஊரில் இருப்பார்கள். பிப்ரவரி நடுவில் நான்கு நாட்கள் நாடு முழுவதும் கல்லூரி வளாகங்களில் பறவைகளை எண்ணுகிறார்கள். பதினைந்து நிமிடம் நின்று பார்த்து எழுதினாலே போதும், யாரிடமும் தனி அனுமதி வாங்க வேண்டியதில்லை. எண்ணத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர் இருக்கிறீர்கள். அன்று வருகிற நான்கைந்து பேரைக் கொண்டு மார்ச்சில் ஏரிக்குப் போங்கள், முப்பது பேரும் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். எந்த ஏரி என்று முடிவானதும் எழுதுங்கள். அதைப் பற்றிய பழைய ஆய்வேடுகள் என்னிடம் இருந்தால் அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்.