மின்தடைக்குப் பின் ஸ்டேக்கின் தலைமை மாறுவது ஏன்?

ஹட்டன் பக்கத்துத் தோட்டக் காரியாலயம் ஒன்றில் கணினி வலையமைப்பைக் கவனித்துவரும் வாசகர் கேட்கிறார்: "சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9200எல் ஸ்விட்ச்கள் மூன்றை ஸ்டேக் செய்திருக்கிறோம். மின்சாரம் போய் வந்தால் சில வேளைகளில் வேறொரு ஸ்விட்ச் ஆக்டிவ் ஆகிவிடுகிறது. இதைத் தடுக்கலாமா? 60 மீற்றர் தள்ளியுள்ள தேயிலைத் தொழிற்சாலையில் வைக்கப்போகும் நான்காவது ஸ்விட்ச்சையும் இதே ஸ்டேக்கில் சேர்க்கலாமா?"

முதலாவதைத் தடுக்கலாம், இரண்டாவதைச் செய்ய முடியாது. கணினிகளை வலையமைப்பில் இணைக்கும் ஸ்விட்ச்கள் பலவற்றைத் தனிக் கேபிள்களால் கோத்து ஒன்றாக இயக்குவதே ஸ்டேக். அவற்றுள் மற்றவற்றை நிர்வகிக்கும் தலைமை ஸ்விட்ச்தான் ஆக்டிவ்.

ஸ்டேக் முழுவதும் புதிதாக இயங்கத் தொடங்கும்போது, பிரயோரிட்டி (முன்னுரிமை) எண் கூடிய ஸ்விட்ச்சே ஆக்டிவ் ஆகும். அந்த எண் 1 முதல் 15 வரை இருக்கலாம். வாங்கும்போது எல்லாவற்றிலும் 1 என்றே இருக்கும். எண்கள் சமமானால் முந்தி எழுந்தது எது, மேக் முகவரி (கருவி ஒவ்வொன்றுக்கும் உரிய அடையாள எண்) குறைந்தது எது என்று பார்க்கப்படுவதால், உங்கள் ஸ்டேக்கில் தலைமை தற்செயலாகவே தீர்மானமாகிறது. ஆகவே முதல் ஸ்விட்ச்சுக்கு 'ஸ்விட்ச் 1 பிரயோரிட்டி 15' என்ற கட்டளையையும், இரண்டாவதற்கு அதேபோல் 14ஐயும் கொடுங்கள். இப்போது ஆக்டிவாக உள்ள ஸ்விட்ச் இதனால் உடனே பதவி இழக்காது. அடுத்து முழு ஸ்டேக்கும் ரீலோட் (மறுதொடக்கம்) ஆகும்போதுதான் மாற்றம் தெரியும். காரியாலயம் பூட்டியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் அதைச் செய்து, 'ஷோ ஸ்விட்ச்' என்ற கட்டளையைக் கொடுத்து எது ஆக்டிவ் என்று பாருங்கள்.

எண்ணை மட்டும் மாற்றினால் போதாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தொடங்கும்போது ஸ்விட்ச்கள் மற்றவற்றுக்காக 120 செக்கன்கள் காத்திருக்கும். அதற்குள் முதல் ஸ்விட்ச்சுக்கு மின்சாரம் கிடைக்காவிட்டால் மற்ற இரண்டும் தமக்குள் ஒன்றை ஆக்டிவாக்கிக்கொள்ளும். பிந்தி வருவது 15 என்ற எண்ணோடு வந்தாலும் அந்த இடத்தைப் பறிக்காது. எனவே மூன்றையும் ஒரே யூபிஎஸ்ஸில் பொருத்துங்கள். மழைக்காலத்தில் மின்சாரம் வந்து, மறு நிமிடமே மீண்டும் போகும் மலையகத்தில், பிரயோரிட்டியைவிட யூபிஎஸ்தான் முக்கியம் என்பது என் கருத்து.

மூன்று ஸ்விட்ச்களுக்கு மூன்று ஸ்டேக் கேபிள்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கடைசி ஸ்விட்ச்சிலிருந்து முதலாவதற்குத் திரும்பும் கேபிள் இல்லாவிட்டால் வளையம் முழுமையாகாது. இடையில் ஒன்று கழன்றால் ஸ்டேக் இரண்டாகப் பிரிந்து, இரு பகுதிகளும் ஒரே ஐபி முகவரியோடு இயங்கித் தீராத குழப்பத்தை உண்டாக்கும். பழுதான ஸ்விட்ச்சுக்குப் பதிலாக வேறொன்றைச் சேர்க்கும்போது, புதியதன் மின்சாரத்தை நிறுத்திய பின்னரே ஸ்டேக் கேபிளைச் செருகுங்கள்.

இனி தொழிற்சாலை. இந்த வகைக்குக் கிடைக்கும் மிக நீளமான ஸ்டேக் கேபிளே 3 மீற்றர்தான். 60 மீற்றருக்குச் சாதாரண செம்புக் கேபிள் எட்டும் என்றாலும் அதைத் தவிருங்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமின்னல் வழக்கமான இடத்தில், இரு கட்டடங்களைச் செம்பால் இணைத்தால் மின்னலின் தாக்கம் இரு பக்கத்து ஸ்விட்ச்களையும் பழுதாக்கக்கூடும். ஃபைபர் (ஒளியிழை) இணைப்புகள் இரண்டைப் போடுங்கள். ஓர் இணைப்பை ஸ்டேக்கின் முதல் ஸ்விட்ச்சிலும் மற்றதை மூன்றாவதிலும் செருகி, இரண்டையும் எல்ஏசிபி (பல இணைப்புகளை ஒரே இணைப்பாக இயக்கும் முறை) மூலம் ஒன்றாக்கினால், காரியாலயத்தில் ஒரு ஸ்விட்ச் நின்றாலும் தொழிற்சாலையின் தொடர்பு அறாது. தொழிற்சாலை ஸ்விட்ச் தனி ஐபி முகவரியோடு தனியாகவே இயங்கட்டும். ஸ்டேக்கை ரீலோட் செய்யும் வேளையிலும் அங்குள்ள கணினிகள் தமக்குள் தொடர்பை இழக்கமாட்டா.