தொகை சொல்லாத ஆர்டர்

கேள்வி: நான் பங்கு வைத்திருக்கும் சிறிய இன்ஜினீயரிங் கம்பெனி ஒன்று, 'முன்னணி வாடிக்கையாளரிடமிருந்து பெரிய ஆர்டர்' என்று அறிவித்தது. தொகை போடவில்லை. இரண்டு நாள் அப்பர் சர்க்யூட் (ஒரு நாளில் ஏற அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு) அடித்த பங்கு, இப்போது இறங்கிக்கொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்சம் வாங்கி, என் சராசரி வாங்கிய விலையைக் குறைத்து ஆவரேஜ் செய்யலாமா?
- ஆர்.கே., அம்பத்தூர்

பதில்: வேண்டாம். தொகை இல்லாத அறிவிப்பைப் படிக்கிற ஆளாளுக்கு மனதில் ஒரு தொகை ஓடும். அதில் யாருக்கு ஆசை அதிகமோ அவர் கேட்கிற விலைதான் அன்றைய விலை. சந்தையில் புழங்கும் பங்குகள் குறைவாக இருந்தால், சில ஆயிரம் பங்குகளை வாங்கப் போனாலே அப்பர் சர்க்யூட் அடித்துவிடும்.

'முக்கியமில்லாமலா அறிவிப்பார்கள்?' என்று கேட்பீர்கள். 2023 ஜூலை முதல் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி வைத்திருக்கும் அளவுகோல் இது: விற்றுமுதலில் 2%, நிகர மதிப்பில் (சொத்தில் கடன் போக மீதி) 2%, கடைசி மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 5%. இவற்றில் எது குறைவோ, அதைத் தாண்டினாலே 'முக்கியம்'. விற்றுமுதல் 400 கோடி, நிகர மதிப்பு 150 கோடி, சராசரி லாபம் 10 கோடி என்றால் வாசல் எங்கே தெரியுமா? வெறும் 50 லட்சத்தில்!

எல் அண்ட் டி-யும் சரியான தொகையைச் சொல்வதில்லைதான். ஆனால் 'சிக்னிஃபிகன்ட்' என்றால் 1,000 முதல் 2,500 கோடி, 'லார்ஜ்' என்றால் 2,500 முதல் 5,000 கோடி என்று வரம்பை அறிவிப்பிலேயே போட்டுவிடுகிறது. உங்கள் கம்பெனியின் 'பெரிய'வுக்கு என்ன வரம்பு?

பங்குச்சந்தை இணையதளத்தில் அந்த அறிவிப்பின் பிடிஎஃப்பைத் திறந்து, அதன் பின்னிணைப்பைப் பாருங்கள். ஆர்டர் கொடுத்தவர் பெயர், காலக்கெடு, உத்தேசத் தொகை, கொடுத்தவரின் நிறுவனத்தில் புரமோட்டருக்கு (கம்பெனியைத் தொடங்கி நடத்தும் முக்கியப் பங்குதாரர்) பங்கு உண்டா என்பதெல்லாம் அங்கே இருக்க வேண்டும். 'எல்-1' என்றிருந்தால் டெண்டரில் குறைந்த விலை கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆர்டர் இன்னும் கைக்கு வரவில்லை. 'ரேட் கான்ட்ராக்ட்' என்றால் விலை மட்டும் பேசி முடித்திருக்கிறது, எத்தனை எடுப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பெரும்பாலும் யாரையும் கட்டுப்படுத்தாத புரிந்துணர்வு ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஆர்டர் 60 கோடி, மூன்று ஆண்டில் முடிக்க வேண்டும், நிகர லாபம் 8% என்றே வையுங்கள். மொத்த லாபம் 4.8 கோடி. சந்தை மதிப்பு 400 கோடியுள்ள கம்பெனி இரண்டு முறை 5% சர்க்யூட் அடித்தால் மதிப்பு 41 கோடி கூடுகிறது. கச்சாப்பொருள் விலை ஏறினாலோ, பில் பணம் ஆறு மாதம் இழுத்தாலோ அந்த 4.8 கோடியும் சுருங்கும்.

கொடுத்தவர் அரசு நிறுவனமாக இருந்தால் அந்தப் பக்கம் தேடுங்கள். சென்னை மெட்ரோ மாதிரி நிறுவனங்கள் ஏற்புக் கடிதம் கொடுக்கும்போது பெரும்பாலும் தொகையோடு செய்திக்குறிப்பு விடுகின்றன. தனியார் என்றால், கம்பெனி செக்ரட்டரிக்கு ஒரு மெயில் போட்டுத் தொகையையும் காலக்கெடுவையும் கேளுங்கள். 'ரகசிய ஒப்பந்தம்' என்று பதில் வந்தால், விற்றுமுதலில் எத்தனை சதவீதம் என்றாவது கேளுங்கள். அதற்கும் வாய் திறக்கவில்லை என்றால், அடுத்த காலாண்டுப் பங்குதாரர் பட்டியலில் புரமோட்டர் கையிருப்பு குறைந்திருக்கிறதா, அதாவது விலை ஏறியபோது அவரே விற்றாரா என்று பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்யுங்கள்.