தாமிரபரணித் தூண்டிலில் ஜிலேபி மட்டுமே சிக்குவது குறித்து

வணக்கம் அண்ணாச்சி. சீவலப்பேரிப் பக்கம் முன்பு ஆரலும் கெண்டையும் கிடைத்த இடத்தில் இப்போது ஜிலேபி மீன் (திலாப்பியா) மட்டுமே சிக்குவதாகவும், சென்ற வாரம் ஓடு போர்த்தியது போன்ற கறுப்பு மீன் ஒன்று வந்ததாகவும் எழுதி, ஆற்றில் கழிவு கலப்பதுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். கழிவுக்கும் பங்கு உண்டு. ஆனால் அதன்மீது மட்டும் பழியைப் போட முடியாது.

ஜிலேபி நம் ஊர் மீன் அன்று. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அது 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆண் மீன் மணலில் கிண்ணம்போலக் குழி பறிக்க, பெண் மீன் முட்டைகளை வாயிலேயே அடைகாத்துக் குஞ்சுகளையும் காப்பதால், கெண்டையின் முட்டைகள் பிற மீன்களுக்கு இரையாகிவிடும் இடத்திலும் ஜிலேபி பெருகிவிடுகிறது. குறுக்குத்துறையில் கோடையில் நீர் தெளிந்து நிற்கும்போது அந்தக் குழிகளை வரிசையாகப் பார்த்திருக்கிறேன். வால் துடுப்பில் குத்துக்கோடுகள் ஒழுங்காக இருந்தால் அது நைல் ஜிலேபி என்ற வேறோர் இனம். அதையும் குறித்து வையுங்கள்.

கறுப்பு மீன், வண்ணமீன் தொட்டிகளில் வளர்க்கும் தென் அமெரிக்க டேங்க் கிளீனராக இருக்கலாம். வாய் அடிப்பக்கத்தில் உறிஞ்சுவதற்கு ஏற்றதுபோல் வட்டமாக இருந்திருந்தால் ஐயமே இல்லை. அதைத் திரும்ப ஆற்றில் விடாதீர்கள்.

இன்னொன்று, மைதா உருண்டைக்கு ஜிலேபிதான் முந்தும். ஆரல் இரவில் இரை தேடும் மீன் என்பதால், அது அற்றுப்போனதாக முடிவு கட்டுமுன், பொழுது சாய்ந்தபின் மண்புழு கோத்து, செடி படர்ந்த கரையோரத்தில் நான்கைந்து நாள் போட்டுப் பாருங்கள்.