ரசீதுப் புத்தகத்திலிருந்து தொடங்குவோம்: ஊர்க் குழுக்களின் நிதிக் கேள்விகளுக்குப் பதில்

கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இருபது ஆண்டுகளாகத் தஞ்சை, திருவாரூர், நாகை வட்டாரங்களில் ஏரிக் குழு, படிப்பகம், மாலை வகுப்பு, மகளிர் குழு என்று சிறு அமைப்புகளுக்குக் கணக்கு எழுதவும் விண்ணப்பம் நிரப்பவும் உதவி வருகிறேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆனாலும் 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் பதிவு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை தரும் பதிவு) என்று சொன்னால்தான் எல்லோருக்கும் விளங்குகிறது என்பதால் பழைய எண்களையே பயன்படுத்துகிறேன்.

கேள்வி (சிவகங்கை மாவட்டத்து இளைஞர்): ஐயா, நாங்கள் 14 பேர். ஊர்க் கண்மாயில் கருவேல மரங்களை அகற்றி வரத்துக் கால்வாயைச் சரிசெய்து வருகிறோம். இதுவரை கைக்காசு. பதிவு செய்துவிட்டால் அரசு நிதி கிடைக்கும் என்கிறார்கள். சங்கமா, அறக்கட்டளையா, எதைப் பதிவு செய்வது?

பதில்: பதிவு செய்யுங்கள் தம்பி. ஆனால் பதிவுச் சான்றிதழைப் பார்த்து யாரும் பணம் தருவதில்லை. அந்த எண்ணத்தோடு பதிவு செய்த பல குழுக்கள், இரண்டாம் ஆண்டே ஆண்டறிக்கை தாக்கல் செய்யாமல் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சங்கம் என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. குறைந்தது ஏழு பேர் வேண்டும். மாவட்டப் பதிவாளரிடம் பதிவு. பொதுக்குழு, நிர்வாகிகள் தேர்வு, ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் எல்லாம் உண்டு. அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவது. அறங்காவலர்கள் வைத்ததுதான் முடிவு, தேர்தல் கிடையாது. கண்மாய் ஊருக்குச் சொந்தம், வேலையும் ஊருக்கானது. நாளைக்கு நீங்கள் வேலைக்காகத் திருப்பூரோ சென்னையோ போய்விட்டாலும் அடுத்த தலைமுறை எடுத்து நடத்த வேண்டும். அதனால் உங்களுக்குச் சங்கமே பொருத்தம்.

அதற்கும் முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கண்மாய் யார் பொறுப்பில் இருக்கிறது? ஆயக்கட்டு, அதாவது கண்மாய் நீர் பாயும் வயல் பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை. அதற்குக் குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். உரிய அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் இயந்திரம் இறக்காதீர்கள். கிராம சபையில் ஒரு தீர்மானமும் போட வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை சபை கூடுகிறது. எந்த நிதிக்கு விண்ணப்பித்தாலும், ஊர் உங்கள் பின்னால் நிற்கிறது என்பதற்கு அந்தத் தீர்மான நகலை விடப் பெரிய சாட்சி இல்லை.

கேள்வி (அதே மாவட்டம், வேறொரு குழு): எங்கள் பொருளாளரின் கூகுள் பே எண்ணுக்கே நன்கொடை வாங்குகிறோம். தவறா?

பதில்: தவறுதான், இன்றே நிறுத்துங்கள். அந்தப் பணம் சட்டத்தின் பார்வையில் அவருடைய வரவு. அவருக்கு வருமான வரித் துறைக் கடிதம் வந்தாலும், அவர் குடும்பத்தில் ஒரு தகராறு வந்தாலும் உங்கள் பணம் நடுவில் மாட்டிக்கொள்ளும். சங்கத்தின் பெயரில் பான் எண், சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற தீர்மானம். இந்த மூன்றும் முடிந்த பிறகு க்யூஆர் அட்டையை ஒட்டுங்கள்.

கேள்வி (திருவள்ளூர், மாலை வகுப்பு நடத்தும் அறக்கட்டளை): நன்கொடை தருகிறவர்கள் "80ஜி இருக்கிறதா" என்று கேட்கிறார்கள். வாங்கினால் நன்கொடை பெருகுமா?

பதில்: கொஞ்சம் பெருகும். எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். ஒருவர் 10,000 ரூபாய் தருகிறார். 80ஜியில் அதில் பாதி, 5,000 ரூபாய், அவருடைய வருமானத்திலிருந்து கழிகிறது. அவர் 20 சதவீத வரி கட்டுபவர் என்றால் மிச்சமாவது சுமார் 1,000 ரூபாய். அதுவும் பழைய வரிமுறையில் இருப்பவருக்குத்தான். புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு இந்தக் கழிவு கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தாலும் கிடையாது.

இருந்தாலும் வாங்குங்கள் என்பேன். காரணம், 12ஏ, 80ஜி இரண்டும் இல்லாவிட்டால் பிற்காலத்தில் நிறுவனங்களின் நிதிக்கு விண்ணப்பிக்கவே முடியாது. புதிய அமைப்புக்கு முதலில் மூன்று ஆண்டுகளுக்குத் தற்காலிகப் பதிவு தருகிறார்கள்; அதன்பின் முறையான பதிவு. கடமைகளும் உண்டு. ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்கே செலவிட வேண்டும். யார் எவ்வளவு தந்தார்கள் என்ற 10பிடி அறிக்கையை மே 31க்குள் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் நாள் ஒன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். இதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆடிட்டர் இல்லாமல் இறங்காதீர்கள். ஊரில் பிறந்து வெளியூரில் ஆடிட்டராக இருப்பவர் ஒருவர் எப்படியும் இருப்பார். பணமாகக் கேட்பதை விட அவரிடம் இந்த உழைப்பைக் கேளுங்கள்.

கேள்வி (புதுக்கோட்டை): எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிங்கப்பூர், துபாய், லண்டனில் இருக்கிறார்கள். ஊர்ப் படிப்பகத்துக்குப் பணம் அனுப்பத் தயார். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார்.

பதில்: அவர் பாதி சரி. ஆள் எங்கே இருக்கிறார் என்று பார்க்காதீர்கள். கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது என்று பாருங்கள்.

துபாயில் இருக்கும் தம்பி இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார், தன் சம்பாத்தியத்தை முறையாக வங்கி வழியே அனுப்புகிறார் என்றால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. ரசீது போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலை வாங்கி ரசீதின் அடிக்கட்டையோடு இணைத்துவிடுங்கள். ஆனால் சிங்கப்பூர்க் குடியுரிமையோ பிரிட்டிஷ் குடியுரிமையோ பெற்றுவிட்டவர், உங்கள் தெருவில் பிறந்து வளர்ந்தவராகவே இருந்தாலும், ஓசிஐ அட்டை (வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வைத்திருந்தாலும், சட்டப்படி வெளிநாட்டவர். அங்குள்ள தமிழ்ச் சங்கம் அனுப்பும் பணமும் வெளிநாட்டு நிதிதான். எஃப்சிஆர்ஏ என்ற 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுள்ள சட்டம் இது.

பதிவு கிடைக்க அமைப்பு குறைந்தது மூன்று ஆண்டு செயல்பட்டிருக்க வேண்டும்; அந்த மூன்று ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாய் பணிகளுக்குச் செலவிட்டிருக்க வேண்டும். பதிவு பெற்றவர்களும் புதுதில்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் பணத்தைப் பெற முடியும். ஒரு படிப்பகத்துக்கு இது தாங்காது. "பெரிய தொண்டு நிறுவனம் ஒன்று வாங்கி எங்களுக்குப் பிரித்துத் தரட்டுமே" என்று கேட்பீர்கள். 2020 திருத்தம் அந்த வழியை மூடிவிட்டது. என்னை மிகவும் வருத்திய திருத்தம் அது. கடலோரக் கிராமங்களில் பெரிய நிறுவனங்களின் நிழலில் வளர்ந்துகொண்டிருந்த சின்னக் குழுக்களுக்கு வந்துகொண்டிருந்த நீர் அதோடு நின்றுபோனது.

லண்டன் நண்பர் தன் அண்ணன் கணக்குக்குப் பணம் அனுப்பி, அண்ணன் உங்களுக்குத் தருவது என்ற யோசனையும் சிலரிடமிருந்து வந்திருக்கிறது. வேண்டாம். அது சட்டத்தைச் சுற்றிப்போகிற வழி. மாட்டிக்கொள்வது அண்ணனும் நீங்களும். ஊருக்கு வரும்போது அவர் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் பாடம் நடத்தட்டும். அதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்காது.

கேள்வி (ஓசூர்): எங்கள் ஊரைச் சுற்றிலும் தொழிற்சாலைகள். சிஎஸ்ஆர் நிதியை (நிறுவனங்கள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம்) எப்படிக் கேட்பது?

பதில்: நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவு. தொழிற்சாலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இந்த வரியைத் தெரிந்துகொண்டு போங்கள்.

உங்கள் தரப்பில் 12ஏ, 80ஜி, சிஎஸ்ஆர்-1 (சிஎஸ்ஆர் நிதி பெறும் அமைப்புகளுக்கான பதிவு), மூன்று ஆண்டுப் பணி அனுபவம் வேண்டும். இவை இல்லையென்றால் தகுதியுள்ள ஓர் அமைப்போடு சேர்ந்து விண்ணப்பிக்கலாம். தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருப்பதை விட, உள்ளூர்த் தொழிற்சாலையின் மனிதவள மேலாளரை நேரில் பாருங்கள். ஒரே பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்: எந்தப் பள்ளி, எத்தனை பிள்ளைகள், என்ன குறை, எவ்வளவு செலவு, பிறகு யார் பராமரிப்பார். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத விண்ணப்பம்தான் பெரும்பாலும் ஓரமாகப் போகிறது. அரசுப் பள்ளிக்கு என்றால், 2022 டிசம்பரில் தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டத்தின் வழியாகவும் நிறுவனங்கள் நேரடியாகத் தரலாம். உங்கள் அமைப்புக்கு எந்தப் பதிவும் தேவைப்படாது.

கேள்வி (திண்டுக்கல்): நமக்கு நாமே திட்டத்தில் எங்கள் பங்கு எவ்வளவு?

பதில்: 1997-98இல் தொடங்கி, இடையில் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021-22இல் பழைய பெயரிலேயே திரும்பி வந்த திட்டம் இது. ஊர்ப் பணிக்கு மக்கள் ஒரு பங்கு தர, மீதியை அரசு போடுகிறது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும். ஊரகப் பகுதியில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வாழும் இடங்களில் ஐந்தில் ஒரு பங்கு. பணம் திரட்டும் முன் பொறியாளரின் மதிப்பீட்டை வாங்கிவிடுங்கள். நீங்கள் மூன்று லட்சம் என்று நினைத்துத் திரட்டி, மதிப்பீடு ஒன்பது லட்சத்தைத் தாண்டினால் மறுபடியும் வீடு வீடாகப் போக வேண்டிவரும்.

கேள்வி (விழுப்புரம், மகளிர் குழு ஊக்குநர்): வங்கிக் கடன் வாங்கித் தருவதாக ஒருவர் ஆளுக்கு 500 ரூபாய் கேட்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. சுய உதவிக் குழுவுக்கு 10 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கடன் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கி பார்ப்பது ஐந்தே விஷயம்: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, குழுவுக்குள் கடன் சுழற்சி, கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவது, எழுதிய கணக்கு. ஆறு மாதம் இதைச் செய்த குழு, நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தானே போய் மேலாளர் முன் உட்காரலாம். சந்தேகம் இருந்தால் மகளிர் திட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி (பலர்): மத்திய அரசு மானியம் 25 லட்சம் வாங்கித் தருகிறோம், 10 சதவீதம் முன்பணம் என்று அழைப்பு வருகிறது.

பதில்: மோசடி. பேச்சை வளர்க்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி (வேதாரண்யம் பக்கம்): எங்கள் குழுவில் பணம் குறித்துச் சந்தேகம் வந்துவிட்டது. யாரும் திருடவில்லை, ஆனால் யாரும் யாரையும் நம்பவில்லை. என்ன செய்வது?

பதில்: உங்கள் பக்கத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறியது. மறுநாளே நாங்கள் பணம் திரட்டித் தார்ப்பாயும் அரிசியும் வாங்கி லாரியில் ஏற்றினோம். தென்னைகள் சாய்ந்து வழி அடைத்துக் கிடந்ததால் லாரி சுற்றிப் போனது, வாடகை கூடியது. பொருளாளராக இருந்த ஆசிரியர் 6,400 ரூபாயை ஓட்டுநர் கையில் கொடுத்தார். சீட்டு வாங்கவில்லை. இருட்டில், மழைச் சேற்றில், யார் சீட்டு கேட்பார்கள்? மூன்று மாதம் கழித்துக் கூட்டத்தில் ஒருவர் அந்த 6,400 ரூபாயைப் பற்றிக் கேட்டார். ஆசிரியர் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் அந்தத் தொகையைத் தன் சொந்தப் பணத்திலிருந்து கட்டிவிட்டு, அதன்பின் எங்கள் கூட்டங்களுக்கு வரவே இல்லை. சீட்டு வாங்கச் சொல்லி ஒரு நோட்டைக் கையில் கொடுத்தனுப்பாதது என் பொறுப்பில் விழுந்த குறை. அவர் முகத்தை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

நம் ஊர்க்காரர்களுக்குக் கணக்கு எழுதத் தெரியாது என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவரைப் பாருங்கள். ஊர், பெயர், தகப்பனார் பெயர், தொகை, எல்லாம் கூட்டத்துக்கு நடுவில் பிசகாமல் எழுதுவார். இருபது ஆண்டு கழித்தும் அந்த நோட்டு பேசும். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்கும் ஊர், வரவு செலவைக் கோவில் வாசலில் படித்துக்காட்டும். அதே பழக்கத்தை உங்கள் குழுவுக்குக் கொண்டுவாருங்கள்.

வரிசை எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம் ஒன்று. எழுதும்போது பிழை வந்தால் கிழிக்காமல் "ரத்து" என்று குறுக்கே எழுதிப் புத்தகத்திலேயே விடுங்கள். பில் தர முடியாத செலவுக்கு வவுச்சர், அதாவது பணம் வாங்கியவர் கையெழுத்திடும் செலவுச் சீட்டு; 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் கையெழுத்து. மாதம் ஒருமுறை வங்கிப் புத்தகத்தோடு கணக்கை ஒத்துப்பார்த்து, இருவர் கையெழுத்திட்டு, படிப்பகச் சுவரிலோ டீக்கடைப் பலகையிலோ ஒட்டுங்கள். பழைய சந்தேகத்துக்கு, குழுவில் இல்லாத, ஊர் மதிக்கும் ஒருவரிடம் நோட்டுகளை ஒப்படைத்து ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அவர் சொல்வதை எல்லோரும் ஏற்பது என்று முன்கூட்டியே தீர்மானம் எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி (மயிலாடுதுறை): எங்கள் நூலகத்துக்குப் புத்தகம் கிடைக்க வழி உண்டா?

பதில்: கொல்கத்தாவில் 1972இல் தொடங்கிய ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை, தன்னார்வ அமைப்புகள் நடத்தும் பொது நூலகங்களுக்கும் உதவுகிறது. விண்ணப்பத்துக்குப் பதிவும் தணிக்கை செய்த கணக்கும் வேண்டியிருக்கும். அதுவரை மாவட்ட மைய நூலகரைப் போய்ப் பாருங்கள்.

கேள்வி (கடலூர்): கட்டடம், கணினி எல்லாம் தரத் தயாராக இருக்கிறார்கள். மாலை வகுப்பு எடுக்கும் பெண்ணுக்கு மாதம் 3,000 ரூபாய் சம்பளம் தர யாரும் முன்வரவில்லை.

பதில்: எல்லா ஊரிலும் இதே கதைதான் அம்மா. பெயர் பொறிக்க முடிகிற பொருளுக்குப் பணம் வரும், சம்பளத்துக்கு வராது. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் அரசே தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தந்தது. அந்தச் சிறு தொகைதான் எத்தனையோ தெருக்களில் வகுப்புகளை நடத்தியது.

சம்பளத்துக்கு வெளியே போய்க் கேட்காதீர்கள். ஊருக்குள் 30 வீடு, வீட்டுக்கு மாதம் 100 ரூபாய். படிக்கும் பிள்ளைகளின் வீடு மட்டும் இல்லை. மளிகைக் கடை, உரக்கடை, ஓய்வு பெற்ற ஆசிரியர், வெளியூரில் வேலை பார்க்கும் அக்கா எல்லோரும். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி ஒரு பிள்ளை ரசீதுப் புத்தகத்தோடு பெரியவர் ஒருவரின் துணையில் போகட்டும். அந்தப் பெண்ணுக்கு ஏழாம் தேதி தவறாமல் சம்பளம் கிடைக்கட்டும், வவுச்சரில் அவர் கையெழுத்துப் போடட்டும். ஓராண்டு இப்படி நடந்த நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். கணினி தருகிற நிறுவனத்திடமே இரண்டாம் ஆசிரியைக்கு எப்படிக் கேட்பது என்று உட்கார்ந்து சேர்ந்து எழுதுவோம்.